வட ஆற்காட்டுக்காரர் கச்சேரி கேட்கும் முறை: இடம், நேரம், காது

ஒரு கச்சேரி பல வருடங்கள் கழித்தும் நினைவில் நிற்பதும் மறுநாள் காலையிலேயே கரைந்துபோவதும் பாடியவரின் புகழைப் பொறுத்தவை என்று பலர் எண்ணுகிறார்கள். வேலூர்ப் பக்கத்துக் கோயில் வாசல்களிலும் பள்ளி மைதானங்களிலும் சபா மண்டபங்களிலும் நெடுங்காலமாகக் கேட்டுவரும் என் கணிப்பு வேறு. கேட்கப் போனவர் எப்போது வந்தார், எங்கே உட்கார்ந்தார், வந்து விழுந்த ஒலிகளுக்குள் எந்த ஒன்றைக் காதால் பின்தொடர்ந்தார் என்பவைதான் பெரிதும் அதைத் தீர்மானிக்கின்றன. இந்த மூன்றும் ரசிகரின் கையில் இருப்பவை, பணமும் அதிகம் கேட்காதவை. ஆகவே இந்தக் குறிப்புகள், பெரிய வித்வானைத் தேடி அலைவதற்கு உதவுவதைக் காட்டிலும், கிடைக்கிற கச்சேரியை முழுதாகக் கேட்டுவிட்டு வருவதற்கு உதவும்.

எதற்குப் போவது

வட ஆற்காடு என்று பழைய பெயரால் நாம் இன்னமும் சொல்லிக்கொள்ளும் நிலப்பரப்பு 1989இல் இரண்டாகப் பிரிந்தது. அதில் வேலூர்ப் பகுதி 2019இல் மூன்றாகப் பிரிய, இன்று வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர், திருவண்ணாமலை என நான்கு மாவட்டங்களாக இருக்கிறது. இந்த நான்கிலும் மேடை இசைக்குப் பஞ்சம் என்று அலுத்துக்கொள்வோர் பெரும்பாலும் சபா நிகழ்ச்சி நிரலை மட்டும் பார்த்துவிட்டுப் பேசுகிறவர்கள். சித்ரா பௌர்ணமி இரவில் வேலூர் வீதிகளில் புஷ்பப் பல்லக்குகள் வரும்போது ஒவ்வொரு பல்லக்குக்கும் முன்னால் மேளம் வருகிறது. வைகாசி முதல் நாள் குடியாத்தம் கெங்கையம்மன் சிரசுத் திருவிழா. ஆடி பிறந்தால் அம்மன் கோயில் தோறும் பம்பையும் உடுக்கையும் சிலம்பும் ஒலிக்கும். நவராத்திரிக்கும் ராமநவமிக்கும் கோயில்களில் வாய்ப்பாட்டுக் கச்சேரி வைப்பார்கள். பிப்ரவரியை ஒட்டி வி.ஐ.டி.யின் ரிவியரா விழாவுக்குப் பெரிய சினிமாப் பாடகர்கள் வருவார்கள், ஆனால் அது பெரும்பாலும் மாணவர்களுக்கானது. இவை போக, ஊர்த் திருவிழாவின் கடைசி நாள் இரவில் நடக்கும் இன்னிசைக் கச்சேரிகளை எண்ணி மாளாது.

முதன்முதலாகக் கவனித்துக் கேட்கத் தொடங்குகிறவர் ஒரே வகையை ஒரு வருடத்துக்குத் திரும்பத் திரும்பக் கேட்பது நல்லது. வாரம் ஒரு வகை என்று தாவினால் ஒன்றும் ஒட்டாது. எதை எடுத்துக்கொள்வது என்று கேட்டால், நான் கர்நாடக இசைக் கச்சேரியைச் சொல்வேன். அதன் அமைப்பு வெளிப்படையாக இருப்பதால், அதில் பழகிய காது பின்னர் நாதஸ்வரத்துக்கும் ஆர்கெஸ்ட்ராவுக்கும் தானாகவே பயன்படும்.

சபாக் கச்சேரி

அறிவித்த நேரத்துக்கு அரைமணி முன்னதாகப் போய்விடுங்கள். திரை இல்லாத மேடையாக இருந்தால், கச்சேரியின் முதல் பாடமே அந்த அரைமணியில் நடந்துவிடுகிறது. மிருதங்கக்காரர் உறையைக் கழற்றி, ரவையைத் தண்ணீர் விட்டுப் பிசைந்து தொப்பி என்று சொல்லப்படும் இடப்பக்கத் தோலின் நடுவில் அப்புவார். அந்த ஈர ரவைதான் இடப்பக்கத்துக்குக் கனமான, அடித்தொண்டை போன்ற நாதத்தைக் கொடுக்கிறது, கச்சேரி முடிந்ததும் அதைச் சுரண்டி எடுத்துவிடுவார். பிறகு வலந்தலை எனப்படும் வலப்பக்கத் தோலின் விளிம்பைக் கல்லும் கட்டையுமாகத் தட்டித் தட்டி, பாடகரின் சுருதிக்குக் கொண்டுவருவார். மேலிருந்து தட்டினால் சுருதி ஏறும், கீழிருந்து தட்டினால் இறங்கும். வலந்தலையின் நடுவில் இருக்கும் கரிய வட்டத்தைச் சுற்றி விரலால் மெல்லத் தட்டிப் பார்த்து, எல்லாப் பக்கமும் ஒரே குரலில் பேசுகிறதா என்று அவர் காதைச் சாய்த்துக் கேட்பதை ஒருமுறை அருகிலிருந்து பார்த்துவிட்டவருக்கு அதன்பின் மிருதங்கம் வெறும் தாளக் கருவியாகத் தோன்றாது, சுருதியோடு பாடுகிற கருவியாகவே கேட்கும்.

உட்காரும் இடத்தை இதை வைத்தே முடிவு செய்யலாம். வழக்கமான அமைப்பில் வலக்கைப் பழக்கமுள்ள மிருதங்கக்காரர் பாடகரின் வலப்பக்கம், அதாவது நாம் பார்க்கும்போது இடப்பக்கம் உட்காருவார், வலந்தலை சபையை நோக்கி இருக்கும். வயலின் எதிர்ப்பக்கம். இடக்கைக்காரர் வாசித்தால் இந்த ஏற்பாடு மாற வேண்டியிருக்கும். மேதையான பழனி சுப்பிரமணிய பிள்ளை இடக்கைக்காரர் என்பதாலேயே தொடக்க காலத்தில் மேடைகளில் சங்கடப்பட்டார் என்பது இசை உலகம் அறிந்த செய்தி. ஆகவே லயத்தைக் கற்றுக்கொள்ள விரும்புகிறவர் இடப்பக்க வரிசைகளில் நான்காவது, ஐந்தாவது வரிசையைப் பிடிப்பது நல்லது. பாடகருக்கும் வயலினுக்கும் நடக்கும் உரையாடல்தான் முக்கியம் என்றால் வலப்பக்கம் போகலாம். முதல் வரிசை கௌரவத்துக்கு உரியது, காதுக்கு உரியதன்று. மேடை ஓரத்து ஒலிபெருக்கி உங்கள் ஒரு காதில் மட்டும் இரைந்துகொண்டிருக்கும், மேடையிலிருந்து நேராக வரும் நாதம் அதில் அமுங்கிவிடும்.

இப்போதைய கச்சேரி அமைப்பு, அரியக்குடி ராமானுஜ ஐயங்கார் (1890–1967) ஒழுங்குபடுத்தித் தந்தது என்று பொதுவாகச் சொல்வார்கள். வர்ணம் என்னும் தொடக்கப் பாட்டில் ஆரம்பித்து, சில சின்ன உருப்படிகளை, அதாவது பாடல்களைப் பாடி, நடுவில் ஒரு பெரிய ராகத்தை விரித்து, தாளக் கருவிகள் மட்டும் வாசிக்கும் தனி ஆவர்த்தனம் விட்டு, பிறகு துக்கடாக்கள் எனப்படும் சிறு பாடல்களும் மங்களமுமாக முடிப்பது அதன் போக்கு. இந்த வரிசை தெரிந்திருந்தால், எப்போது காதைத் தளர்த்தலாம், எப்போது நிமிர்ந்து உட்கார வேண்டும் என்பது விளங்கும். ராகங்களில் எல்லாவற்றையும் கண்டுபிடிக்க முயன்று களைத்துப்போக வேண்டாம். கல்யாணி, தோடி, சங்கராபரணம், காம்போதி, கரகரப்பிரியா ஆகிய ஐந்தையும் பழகிக்கொண்டால், பெரிய உருப்படியாக வருவதில் பாதியையாவது அடையாளம் காணலாம். அந்த ராகத்தில் உங்களுக்குத் தெரிந்த சினிமாப் பாட்டின் முதல் அடியை மனத்துக்குள் பாடிப் பார்ப்பது அடையாளம் காண மிக எளிய வழி. பக்கத்தில் இருப்பவர் முகம் சுளித்தாலும் அதில் கூச்சப்பட ஒன்றுமில்லை, வாய்விட்டுப் பாடாமல் இருந்தால் போதும்.

கச்சேரியில் நான் மிகுதியாகப் பரிந்து பேச விரும்புவது தனி ஆவர்த்தனத்துக்கு. பாடகர் கைகாட்டி நிறுத்தி, மிருதங்கமும் கடமோ கஞ்சிராவோ தனியே வாசிக்கத் தொடங்கிய உடனே மண்டபத்தில் கால்வாசிப் பேர் எழுந்து காபிக்குப் போகிறார்கள். கச்சேரியின் மிகக் கட்டுக்கோப்பான பத்துப் பதினைந்து நிமிடங்களை, அதுவும் சுலபமாகக் கற்றுக்கொள்ளக்கூடிய பகுதியை, இப்படி விட்டுவிடுவது இழப்பு. வேலூரின் பெயரைத் தம் பெயரோடு சுமந்து நாடெங்கும் வாசித்தவர் மிருதங்க வித்வான் வேலூர் ஜி. ராமபத்ரன் (1929–2012). 2004இல் சென்னை மியூசிக் அகாதெமியின் சங்கீத கலாநிதி விருது பெற்ற அவர், கணக்குகளைக் குவித்து மிரட்டாமல் சர்வலகுவில், அதாவது தாளத்தின் இயல்பான ஓட்டத்தில், பாட்டோடு நடந்து செல்லும் வாசிப்புக்குப் பேர்போனவர். அந்த ஊர்க்காரர்கள் நாம் தனிக்கு எழுந்து போவது நன்றாகவா இருக்கிறது?

தனியைப் பின்தொடரக் கையில் தாளம் இருக்க வேண்டும். பெரும்பாலான பெரிய உருப்படிகள் ஆதி தாளத்தில் இருக்கும். அதற்குத் தொடையில் ஒரு தட்டுத் தட்டி, சுண்டுவிரல், மோதிரவிரல், நடுவிரல் என மூன்று விரல்களை எண்ண வேண்டும். பிறகு ஒரு தட்டு, ஒரு வீச்சு, மறுபடி ஒரு தட்டு, ஒரு வீச்சு. மொத்தம் எட்டு. ஆற அமரப் பாடும் உருப்படியில் ஒவ்வொன்றையும் இரண்டிரண்டாகப் போடுவார்கள், அது இரண்டு களை. மிச்ர சாபு என்றால் மூன்று, இரண்டு, இரண்டு எனப் பிரியும் ஏழு. கண்ட சாபு இரண்டும் மூன்றுமாக ஐந்து. தாளம் தவறிவிட்டால் பதறாமல் மேடையில் பாடகரின் கையைப் பார்த்து மீண்டும் சேர்ந்துகொள்ளலாம், அதற்காகத்தான் அவர் அதை எல்லோருக்கும் தெரியும்படி தொடையில் போடுகிறார்.

கை தாளத்தில் நின்ற பிறகு இரண்டே இரண்டு விஷயங்களுக்குக் காத்திருங்கள். முதலாவது குறைப்பு. இரண்டு கருவிக்காரர்களும் மாறி மாறி வாசிக்கும்போது, ஆளுக்கு இரண்டு ஆவர்த்தனம் (தாளத்தின் முழுச் சுற்று), பிறகு ஒன்று, பிறகு அரை, கால் என்று பங்கு சுருங்கிக்கொண்டே வரும், ஒருவர் விட்ட இடத்தை மற்றவர் பிடிக்கும் வேகம் கூடிக்கொண்டே போகும். இரண்டாவது, கடைசியில் இருவரும் சேர்ந்து வாசிக்கும் மோரா, கோர்வை என்னும் முடிப்புச் சொற்கட்டுகள். கோர்வையை மூன்று முறை வாசிப்பார்கள். முதல் முறை அதன் நீளத்தைக் கவனியுங்கள், இரண்டாம் முறை அதன் உள்ளே எங்கே இடைவெளி விடுகிறார்கள் என்று கவனியுங்கள், மூன்றாம் முறை முடியும் கணத்தில் பாடகர் பாட்டை எடுப்பார். அந்த எடுப்பு தட்டிலேயே விழலாம், அரை இடம் தள்ளி விழலாம், முக்கால் இடத்தில் விழலாம். உங்கள் கை போடும் தாளமும், மிருதங்கத்தின் கடைசிச் சொல்லும், பாடகரின் முதல் எழுத்தும் மிகச் சரியாக ஓரிடத்தில் வந்து சேரும்போது உடம்பில் ஏற்படும் சிலிர்ப்பை ஒருமுறை உணர்ந்தவர் அதன்பின் காபிக்கு எழுந்து போவதில்லை.

துக்கடாவுக்கு முன், விரும்பும் பாட்டைக் கேட்டு மேடைக்குச் சீட்டு எழுதி அனுப்பும் வழக்கம் சின்ன ஊர்களில் இன்னமும் உண்டு. அனுப்புவதானால் தனி தொடங்குவதற்கு முன் தொண்டர் ஒருவர் மூலம் கொடுத்துவிடுங்கள், ஒரே ஒரு உருப்படியைக் கேளுங்கள், பாடாவிட்டால் வருத்தப்படாதீர்கள். நம் பக்கத்துக்கு உரியதைக் கேட்பது ஓர் அழகு. முத்துசுவாமி தீட்சிதர் பஞ்சபூதத் தலங்களின் மேல் பாடிய கிருதிகளில் திருவண்ணாமலைக்கு உரியது சாரங்க ராகத்தில் அமைந்தது, பாடத் தெரிந்தவர்கள் சந்தோஷமாகவே பாடுவார்கள். தியாகராஜர் கிருதி எதைக் கேட்டாலும் நம் வாலாஜாப்பேட்டைக்கு அதில் ஒரு பங்கு உண்டு என்பதையும் நினைத்துக்கொள்ளலாம். அவருடைய நேர்ச் சீடரான வாலாஜாப்பேட்டை வேங்கடரமண பாகவதரும் அவர் மகன் கிருஷ்ணசாமி பாகவதரும் குருவின் வரலாற்றையும் கிருதிகளையும் எழுதி வைத்ததால்தான் எத்தனையோ உருப்படிகள் நம் காதுவரை வந்தன. அந்தச் சுவடிகள் மதுரை சௌராஷ்டிர சபையில் பாதுகாக்கப்பட்டவை.

வீதியில் நாதஸ்வரம்

ஊர்வல மேளத்தை இருந்த இடத்தில் நின்று கேட்டால் இரண்டு நிமிடத்தில் கடந்துபோய்விடும். அதோடு சேர்ந்து நடக்க வேண்டும். சுவாமி புறப்படும்போது வாசிக்கும் மல்லாரி கம்பீர நாட்டை ராகத்தில் இருக்கும். அதைக் கேட்க வேண்டுமானால் புறப்பாட்டுக்கு முன்பே கோயில் வாசலில் இருக்க வேண்டும், பாதி வீதியில் வந்து சேர்கிறவருக்கு அது கிடைக்காது. பிறகு மேளக்காரர்களுக்கு முப்பது நாற்பது அடி முன்னால் இருக்கும்படி நடந்து, வீதி திரும்பும் மூலைகளில் நின்றுகொள்ளுங்கள். மூலையில் பல்லக்கு நிதானிக்கும், மேளமும் நின்று வாசிக்கும். ராக ஆலாபனை விரிவதும் தவில்காரர்கள் ஒருவரை ஒருவர் சீண்டி விளையாடுவதும் அங்கேதான். இரண்டு பக்கமும் மாடி வீடுகள் உள்ள குறுகிய தெருவில் ஒலி சுவரில் மோதித் திரண்டு வரும், திறந்த மைதானத்தில் அதே வாசிப்பு மெலிந்து கேட்கும்.

தவில்காரரின் அருகில் நிற்க வாய்த்தால் அவர் வலக்கையைப் பாருங்கள். விரல்களில் துணியும் மாவுப் பசையும் சேர்த்துச் செய்த கூடுகளை மாட்டியிருப்பார், இடக்கையில் கழி இருக்கும். வெறும் விரலால் அந்த இறுகிய தோலைப் பல மணி நேரம் அடிக்க முடியாது என்பது அந்தக் கூடுகளின் தேய்மானத்தைப் பார்த்தாலே புரியும். நாதஸ்வரத்தின் மேல்பக்கம் நூலில் சில சீவாளிகள், அதாவது வாயில் வைத்து ஊதும் நாணல் துண்டுகள், தொங்கும். எச்சிலில் நனைந்து நைந்ததை மாற்றிக்கொள்ளவே அவை. காற்றில் ஈரம் குறைந்த சித்திரை இரவுகளில் அடிக்கடி மாற்றுவதையும் பார்க்கலாம். இவர்களிடம் மரியாதையாக, வாசிப்பு நின்ற நேரத்தில், இப்போது வாசித்தது என்ன ராகம் என்று கேட்டால் சொல்லாதவரை நான் பார்த்ததில்லை. கேட்கிற ஆள் குறைந்துபோனதுதான் அவர்களுடைய குறை.

ஆடி மாதத்துப் பம்பை வாசிப்புக்கு இதே நடைமுறை பொருந்தும், ஒரு வேறுபாட்டோடு. அது சாமி வரவழைக்கும் வாசிப்பு. அருள் வந்து ஆடுகிறவர்களுக்கும் பம்பைக்காரர்களுக்கும் நடுவில் போய் நிற்பதும், முகத்துக்கு நேராக போனை நீட்டுவதும் கூடாது.

திருத்தணிப் படிகளில் ஓர் இரவு

மேடையே இல்லாத ஒரு பெரிய இசை நிகழ்ச்சி நம் பக்கத்திலேயே இருக்கிறது. 1911இல் சித்தூர் மாவட்டம் உருவாகும் வரை வட ஆற்காட்டைச் சேர்ந்திருந்த திருத்தணியில், டிசம்பர் 31 இரவு நடக்கும் படித் திருவிழா அது. இதைத் தொடங்கி வைத்தவர் வள்ளிமலை சச்சிதானந்த சுவாமிகள் (1870–1950). மைசூர் அரண்மனையில் சமையல் வேலை பார்த்து, பின்னர் துறவு பூண்டு, பொன்னை அருகே வள்ளிமலையில் வாழ்ந்த அவர் திருப்புகழை ஊர் ஊராகப் பாடிப் பரப்பினார். ஆங்கிலப் புத்தாண்டன்று வெள்ளைக்காரத் துரைகளுக்கு எலுமிச்சம்பழத்தோடு போய் நின்றவர்களைத் தணிகை முருகன் பக்கம் திருப்பவே இதை ஏற்படுத்தினார் என்பார்கள். பஜனைக் குழுக்கள் 365 படிகளிலும் படிக்கு ஒரு பாட்டாகத் திருப்புகழ் பாடிக்கொண்டே ஏறும்.

இங்கே போவதானால் ஏதாவது ஒரு குழுவைத் தேர்ந்துகொண்டு அதன் பின்னாலேயே ஏறுங்கள். குழுக்களுக்கு நடுவில் மாட்டிக்கொண்டால் மேலே ஒரு சந்தமும் கீழே ஒரு சந்தமுமாக இரண்டும் குழம்பிப்போகும். திருப்புகழின் சந்தம் தாளத்தோடு பின்னிப் பிறந்தது. கையில் சிறிய புத்தகம் ஒன்று இருந்தால் இரண்டாவது பாட்டிலிருந்து நீங்களும் சேர்ந்து பாடலாம், யாரும் தடுக்கமாட்டார்கள். மார்கழிப் பனிக்கு ஒரு துண்டு போதும்.

மைதானத்து ஆர்கெஸ்ட்ரா

திருவிழா இன்னிசைக் கச்சேரியை இளக்காரமாகப் பேசும் சங்கீத ரசிகர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. நான்கு மணி நேரம் மேடையில் நின்று, ஆண்குரலிலும் பெண்குரலிலும் பத்துப் பாடகர்களின் சாயலைக் கொண்டுவரும் ஒரு பாடகரும், ஒலிப்பதிவுக் கூடத்தில் ஐம்பது பேர் வாசித்ததை இரண்டு கீபோர்டில் அடக்கிக்காட்டும் வாத்தியக்காரரும் செய்வது லேசான காரியமன்று. ஆனால் இங்கே இடத்தேர்வு சபாவைவிடப் பத்து மடங்கு முக்கியம்.

ஒலி ஒரு வினாடியில் ஏறக்குறைய 340 மீட்டர் போகும். மேடையிலிருந்து 34 மீட்டர் தள்ளி நிற்பவருக்குப் பத்தில் ஒரு வினாடி தாமதமாகக் கேட்கும். அது மட்டுமென்றால் காது பொறுத்துக்கொள்ளும். தெரு நெடுக மரத்திலும் கம்பத்திலும் குழாய் ஸ்பீக்கர் கட்டியிருக்கும் ஊர்களில், அருகில் உள்ள குழாயின் ஒலி முதலிலும் மேடை பாக்ஸின் ஒலி பின்னாலுமாக இரண்டு தடவை வந்து, பாட்டின் சொற்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி மங்கிவிடும். ஆகவே ஒரே ஒரு ஒலிமூலம் மட்டும் ஆளுகிற இடத்தைத் தேடுங்கள். மேடையின் இரண்டு பக்க பாக்ஸ்களுக்கும் சம தூரத்தில், அவற்றுக்கு இடையே உள்ள இடைவெளி எவ்வளவோ அவ்வளவு தூரம் தள்ளி நடுவில் நிற்பது பொதுவாகப் பொருந்தும். மிக்சர் மேசை கூட்டத்தின் நடுவில் போடப்பட்டிருந்தால் வேறு யோசனையே வேண்டாம், அதன் அருகில் நில்லுங்கள், ஏனெனில் அங்கே இருப்பவர் தம் காதுக்கு நன்றாகக் கேட்கும்படிதான் எல்லாவற்றையும் சமன்செய்கிறார். ஆரணிப் பக்கத்து ஊரொன்றில் ஒரு சவுண்ட் சர்வீஸ் தம்பி, பாக்ஸுக்கு முன்னால் நின்றிருந்த என்னை, "அண்ணா, அங்க நின்னா பேஸு மட்டுந்தான் கேக்கும், இங்க வாங்க" என்று கூப்பிட்டு, தம் பிளாஸ்டிக் நாற்காலிக்குப் பின்னால் நிற்க வைத்தார். அன்றைக்குத்தான் அந்தக் குழுவில் தபலா ஒன்று இருப்பதே காதில் விழுந்தது. மிக்சரை மேடைக்குப் பக்கவாட்டில் வைத்திருந்தால் மட்டும் இந்த யோசனை செல்லாது, அந்த இடத்தில் இருப்பவருக்கே கூட்டத்துக்கு என்ன கேட்கிறது என்று தெரியாது.

2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகளின்படி இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை திறந்தவெளியில் ஒலிபெருக்கி கூடாது. திருவிழா போன்றவற்றுக்கு நள்ளிரவு 12 வரை தளர்த்த மாநில அரசுக்கு அதிகாரம் உண்டு, அதுவும் வருடத்தில் 15 நாளுக்கு மிகாமல். எந்த நேரத்தில் காவலர் வந்து நிறுத்தச் சொல்வாரோ என்ற நினைப்பில் குழுக்கள் நல்ல பாடல்களை முன்பாதிக்கே கொண்டுவருவதால், சாப்பிட்டுவிட்டு ஒன்பதரைக்குப் போகலாம் என்று இருந்துவிடாதீர்கள். சாமி பாட்டோடு தொடங்கும்போதே போய்விடுங்கள்.

காதைக் காப்பது இங்கே அவசியம். 85 டெசிபல் ஒலியை நாளொன்றுக்கு எட்டு மணி நேரம் கேட்கலாம் என்றும், அதற்குமேல் ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் அந்த நேரம் பாதியாகக் குறையும் என்றும் அமெரிக்கத் தொழில் நலவாழ்வு ஆய்வு நிறுவனம் வகுத்திருக்கிறது. அந்தக் கணக்கில் 100 டெசிபலுக்குக் கால்மணி நேரம்தான். பாக்ஸுக்கு நேர் எதிரே இந்த அளவு எளிதில் எட்டிவிடும். கைக்கெட்டும் தூரத்தில் இருப்பவரிடம் கத்திப் பேச வேண்டியிருந்தால் அளவு மிஞ்சிவிட்டது என்று வைத்துக்கொள்ளலாம். பஞ்சு அவ்வளவாகப் பயன்படாது. மருந்துக் கடையில் கிடைக்கும் மெத்தென்ற காதடைப்பானை உருட்டி உள்ளே விட்டால் ஒலி அளவு குறையும், பாட்டு கெடாது. குழந்தைகளைத் தோளில் தூக்கிக்கொண்டு பாக்ஸ் ஓரம் நிற்பதைத் தயவுசெய்து விட்டுவிடுங்கள்.

சென்னைக்குப் போய்வருவது

டிசம்பர் இசை சீசனுக்கு ஒரு நாளாவது போய்வர வேண்டும் என்று நினைப்பவர்களுக்கு, காட்பாடியிலிருந்து சென்ட்ரல் 130 கிலோமீட்டர்தான், விரைவு வண்டியில் இரண்டு மணி நேரத்தை ஒட்டி ஆகும். காலை வண்டியில் போய் இரவு வண்டியில் திரும்புவது சாத்தியம். 1928இல் தொடங்கப்பட்ட மியூசிக் அகாதெமியில் டிசம்பர் 15 முதல் ஜனவரி 1 வரை நடக்கும் விழாவில், காலையில் செயல்முறை விளக்க உரைகளுக்கும் பிற்பகல் இளம் கலைஞர்களின் கச்சேரிகளுக்கும் கட்டணம் இல்லை. முதல் தடவை போகிறவர் மாலைக் கச்சேரியின் டிக்கெட்டுக்கு முண்டியடிப்பதைவிட, பிற்பகல் கச்சேரிகள் இரண்டைக் கேட்டுவிட்டு வருவதையே நான் பரிந்துரைப்பேன். தங்களை நிலைநாட்டிக்கொள்ள வேண்டிய வயதில் இருப்பவர்கள் பாடும் கச்சேரியில் ஒரு தனி வேகம் இருக்கும். கூட்டமும் குறைவு என்பதால் இடப்பக்க வரிசை சுலபமாகக் கிடைக்கும். ஒரே நாளில் நான்கு சபா ஏறி இறங்கினால் கடைசியில் நினைவிருப்பது கேன்டீன் தோசை மட்டும்தான்.

போனை அணைத்து வையுங்கள். பதிவு செய்ய அனுமதி இருக்கும் இடங்களில்கூட, கையில் போன் பிடித்திருப்பவர் தாளம் போட முடியாது என்பது என் முதல் ஆட்சேபம். அதற்குப் பதிலாக ஒரு சிறிய நோட்டுப் புத்தகம் போதும். கச்சேரி நடக்கும்போது ராகம், தாளம் ஆகியவற்றை மட்டும் ஒற்றைச் சொல்லாகக் குறித்துக்கொண்டு, முடிந்து வெளியே வந்த கால்மணிக்குள், எந்த இடத்தில் உங்களை அறியாமல் நிமிர்ந்து உட்கார்ந்தீர்கள் என்பதை நான்கு வரியில் எழுதுங்கள். "காம்போதியில் மேல் ஸ்தாயியில் நின்றபோது வயலின் பின்தொடராமல் அப்படியே விட்டது" என்பது போன்ற ஒரு வரி, "மிகவும் அருமை" என்ற பத்து வரியைவிடப் பின்னாளில் உதவும். மறுநாள் அதே ராகத்தை வேறொருவர் பாடியதைக் கேட்டுப் பார்த்தால், முந்தைய நாள் கேட்டதில் எது ராகத்துக்கு உரியது, எது அந்தப் பாடகருக்கே உரியது என்பது தெளியத் தொடங்கும்.

மாலைக் கச்சேரியையும் இருந்து கேட்பதானால் மங்களம் முடிய ஒன்பது, ஒன்பதரை ஆகும். அங்கிருந்து சென்ட்ரலுக்கு ஆட்டோவில் வர நேரம் ஒதுக்கி, பத்து மணிக்குமேல் புறப்படும் மெயில் வண்டிகளில் ஒன்றில் முன்பதிவு செய்துகொள்ளுங்கள், நேரத்தை அன்றன்றைக்குச் சரிபார்த்துக்கொள்ளுங்கள். நோட்டில் எழுதும் வேலையை அரக்கோணத்துக்குள் முடித்துவிட்டு, காட்பாடிக்குப் பத்து நிமிடம் முன்னதாக அடிக்கும்படி அலாரம் வைத்துக்கொள்வதை மறக்க வேண்டாம். அந்த வண்டிகள் எதுவும் காட்பாடியோடு நிற்பவை அல்ல, அசந்து தூங்கினால் ஜோலார்பேட்டையில்தான் கண் விழிக்க நேரும்.